பொறிக்கும் விசிறிக்கும் இடையே: சுழற்றிப் பொறி வானேறிய வரலாறு

விமானத்தின் வரலாற்றை எழுதியோர் சிறகையும் பொறியையுமே பெரிதும் போற்றினர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வலுவைக் கடத்தும் உறுப்புக்கள் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. ஆயினும் பொறியின் வலு சுழல்விசிறியைச் சென்றடையும் வழி எங்கு முறிகின்றதோ, அங்கேயே பறப்பும் முறிந்துவிடுகின்றது. மோட்டார்க் காருக்கென ஆக்கப்பட்ட சுழற்றிப் பொறியைத் தம் கையாற் கட்டிய சிறு விமானங்களிற் பொருத்த முயன்றோரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சிக்கல் பறப்பின் பிறப்போடு உடன் பிறந்ததாகும். ஐக்கிய அமெரிக்காவின் டேற்றன் நகரிலே துவிச்சக்கர வண்டி செய்து விற்ற றைற் சகோதரர், 1903 இல் தாம் அமைத்த விமானத்தின் விசிறிகளைப் பொறியோடு நேரே பிணைக்கவில்லை. அவர்களது 12 குதிரைவலுப் பொறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுழன்றது. விசிறிகளோ 350 முறையளவிலேயே சுழன்றன. 8 பற்களுடைய சில்லிலிருந்து 23 பற்களுடைய சில்லுக்குச் சங்கிலி வழியாக வலு கடத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் பொறியின் சீரற்ற துடிப்பினால் விசிறித் தண்டுகள் பழுதுற்றன. பின்னர்ச் சில்லுகள் தளர்ந்தன. மீண்டும் தண்டொன்றில் வெடிப்புக் காணப்பட்டது. ஓர்வில் றைற் டேற்றனுக்குத் திரும்பிச் சென்று வில்லுருக்கினால் ஆன புதிய தண்டுகளோடு வந்த பின்னரே டிசெம்பர் 17 ஆம் திகதிப் பறப்புக் கைகூடிற்று. சிறகு ஆயத்தமாயிருந்தது, பொறியும் ஆயத்தமாயிருந்தது, காத்திருக்க வைத்தது இடைத்தண்டே.

வேகத்தைக் குறைப்பதன் தேவை யாது? சிறிய பொறியொன்று மிகுந்த வலுவைத் தரவேண்டுமாயின் அது விரைந்து சுழலவேண்டும். விசிறியோ மெதுவாகச் சுழன்று மிகுந்த காற்றைத் தள்ளும்போதே திறமையுடன் தொழிற்படும். 1.8 மீற்றர் விட்டமுடைய விசிறி நிமிடத்துக்கு 6000 முறை சுழலுமாயின் அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 565 மீற்றர் வேகத்தை அடையும். இஃது ஒலியின் வேகத்தை வெகுவாக விஞ்சியது. அந்நிலையில் வலுவின் பெரும்பகுதி பேரிரைச்சலாகவும் இழுவையாகவும் வீணாகிவிடும்.

இனிச் சுழற்றிப் பொறியை நோக்குவோம். முதலாம் உலகப் போர்க்காலத்தில் உருளைகளே சுற்றிச் சுழன்ற 'நோம்' முதலிய பொறிகளும் ஆங்கிலத்தில் இதே பெயராற் சுட்டப்பட்டன. நாம் ஈண்டுக் கூறுவது அவற்றையன்று. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கலின் கருத்திற் பிறந்த பொறியையே. 1951 இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தோடு இணைந்த வாங்கலின் முதற்பொறி 1957 இல் இயங்கிற்று. அதில் உறையும் சுழன்றது. உறையை நிலையாக நிறுத்திய எளிய அமைப்பை ஹான்ஸ் டீற்றர் பாஷ்கே உருவாக்கினார்; வாங்கல் விரும்பாதபோதிலும் அதுவே உலகிற் பரவிற்று. 1961 இல் உரிமம் பெற்ற ஜப்பானிய மாஸ்டா நிறுவனம், யமமோட்டோ கெனிச்சியின் தலைமையில் நுனியடைப்புக்களின் தேய்வோடு போராடி, 1967 இல் கொஸ்மோ காரை வெளியிட்டது.

முக்கோணத்தை ஒத்த சுழற்றி ஒருமுறை சுழலுமிடத்து மையம் விலகிய தண்டு மும்முறை சுழல்கின்றது. முசலத்தின் முன்பின் ஓட்டமில்லை, வால்வுகளுமில்லை. இரு சுழற்றிகள் கொண்ட, 1308 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய மாஸ்டா 13பி பொறி, அளவிற் சிறியதாயினும் வலுவிற் பெரியது. 1953 இல் போல் பொபெரெஸ்னி நிறுவிய பரிசோதனை விமானச் சங்கத்தின் வழியாக அமெரிக்காவில் வளர்ந்த வீட்டு விமானக் கலைஞருள் ஒரு சாரார் இதன்பால் ஈர்க்கப்பட்டமை வியப்பன்று. ஆனால் பொறி தன் வலுவைக் காட்டுவது நிமிடத்துக்கு 6000 சுழற்சியளவில். விசிறியோடு நேரே பிணைத்து 2700 சுழற்சியில் இயக்கினால் அவ்வலுவிற் பாதியளவே கிட்டும். ஆகவே வேகக்குறைப்பு அமைப்பின்றி இப்பொறிக்கு வானில் இடமில்லை.

இதற்கு மூவகை வழிகள் கையாளப்பட்டன. முதலாவது பற்பட்டி, இஃது இலேசானது, ஆயினும் பட்டியின் இழுவிசை தண்டை ஒருபுறம் வளைக்க முயலும். இரண்டாவது ஒன்றையொன்று கௌவும் இரு பற்சில்லுகள். இங்கு விசிறி எதிர்த்திசையிற் சுழலும். மூன்றாவது கோளமைப்புப் பற்சில்லு. நடுச்சில்லைப் பொறி சுழற்ற, வெளிவளையம் அசையாதிருக்க, இடைச்சில்லுகளைத் தாங்கும் சட்டம் விசிறியைச் சுழற்றும். வளையத்தின் பற்கள் நடுச்சில்லினவற்றிலும் இருமடங்காயின் வேகம் மூன்றிலொன்றாகும். சுமை பல சில்லுகளுக்குப் பகிரப்படுவதாலும், கார்களின் தன்னியக்கப் பற்சில்லுப் பெட்டிகளிலிருந்து இவ்வுறுப்புக்கள் எளிதிற் கிடைத்தமையாலும் பலர் இதனையே தெரிந்தனர். 2.85:1 விகிதத்தில் 1.8 மீற்றர் விசிறியின் நுனிவேகம் செக்கனுக்கு 200 மீற்றரளவிற்குத் தணிகின்றது.

எனினும் பற்களின் கணக்கோடு சிக்கல் தீரவில்லை. 13பி பொறியின் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரு துடிப்புக்களைப் பெறுகின்றது. நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் இது செக்கனுக்கு 50 துடிப்பு. 6000 இல் 200 துடிப்பு. தண்டும் விசிறியும் சேர்ந்த தொகுதிக்கு இயற்கை மீடிறனொன்று உண்டு. அது இவ்வெல்லைக்குள் அமையுமாயின், காலமறிந்து தள்ளப்பட்ட ஊஞ்சல் போல முறுக்கதிர்வு பெருகும். பற்கள் சிதையும், தண்டு முறியும். இதனாலேயே இறப்பர் போன்ற மென்பொருளாலான இணைப்பை இடையே வைத்து, இயற்கை மீடிறனைப் பொறியின் மிகக் குறைந்த வேகத்திற்கும் கீழே தாழ்த்தினர். முசலப் பொறியிலும் இப்பொறியின் துடிப்பு மென்மையானதே. எனினும் மென்மையானது இல்லாததாகிவிடாது.

பெருநிறுவனங்களும் இத்துறையில் இடறின. 1958 இல் வெளிவந்த செஸ்னா 175 விமானத்தின் பொறி 3200 முறை சுழல, விசிறி 2400 முறை சுழன்றது. மெதுவான பொறிகளுக்குப் பழகிய விமானிகள் அதனையும் தாழ்ந்த வேகத்திலேயே இயக்கினர், பொறி பழுதுற்றது, பழி பொறியையே சேர்ந்தது. பற்சில்லு மாறியபோது மனிதனின் பழக்கம் மாறவில்லை.

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். நன்கு ஆக்கப்பட்ட இரு பொருள்களை இணைத்தமாத்திரத்தே நன்கு ஆக்கப்பட்ட மூன்றாம் பொருள் உண்டாகிவிடாது. இணைப்பு என்பது தனக்கெனத் தனி அறிவை வேண்டி நிற்பது. வீட்டிலே விமானம் கட்டுவோன் இப்பாடத்தை நூலிற் படித்தால் மட்டும் போதாது. தான் திருகிய ஆணிகளின்மேல் தானே அமர்ந்து அவன் பறக்கவேண்டியுள்ளது. 1903 இன் வெடிப்புற்ற தண்டு அவனுக்கும் உரிய எச்சரிக்கையே.