கீழாநெல்லியும் வைரசு ஆய்வும்: ஒரு பெயர் வரலாறு

வேலூருக்குத் தெற்கே சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி போன்ற காடுகளில் மூலிகை திரட்டச் செல்லும் ஆய்வாளர் முதற்கண் பெறுவது செடியன்று. மலைவாழ் மக்கள் வழங்கும் பெயரே. பெயர் வழியாகச் செடியும், செடி வழியாக இலத்தீன் பெயரும் ஆய்வுக்கூடம் சேர்கின்றன. இவ்வழியில் மயக்கம் புகும் இடத்தைக் கீழாநெல்லியின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கீழாநெல்லி காரணப் பெயர். நெல்லியை ஒத்த இலைவரிசையின் கீழே காய்கள் அமைதலின் இப்பெயர் பெற்றது. கீழ்க்காய் நெல்லி எனவும் வழங்கும். பெயரிட்டோரின் கண்கூர்மை வியக்கத்தக்கதே. எனினும் இக்குறி ஒரு செடிக்கே உரியதன்று. அதனை ஒத்த வேறு சில செடிகளிலும் இலைக்கடியில் காய் தொங்கும். இலத்தீனிலும் தெளிவு இருந்திலது. இந்திய நூல்கள் நெடுங்காலம் இச்செடியைப் 'பில்லாந்தசு நிரூரி' என்றே குறித்தன. நிரூரி அமெரிக்க நிலத்துக்குரியது, நம் நாட்டில் பெரிதும் காணப்படுவது 'அமாரசு' என்பது 1950களில் வெப்சுடர் என்னும் தாவரவியலார் செய்த ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று. ஆயினும் பழைய பெயர் எளிதில் மறையவில்லை.

1987-இல் வெங்கடேசுவரன், மில்மன், நோபல் பரிசு பெற்ற புளும்பர்க் ஆகியோர், கல்லீரல் அழற்சி 'பி' வைரசை இச்செடிச்சாறு தடுப்பதாக எழுதிய கட்டுரையில் 'நிரூரி' என்றே காண்கிறோம். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர் புளும்பர்க்குடன் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் அது 'அமாரசு' ஆயிற்று. முப்பது நாள் மருந்துண்டவருள் 37 பேரில் 22 பேரிடம் வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. 1990-இல் தாய்லாந்தில் செய்த ஆய்வோ இப்பயனைக் காணவில்லை. செடி வளர்ந்த நிலமும் பருவமும் பக்குவமும் வேறுபட்டமை காரணமாகலாம். முதல் ஆய்வு சிறிதாயிருந்தமையும் காரணமாகலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் 2011-இல் சான்று போதாது என்றே முடிவு கூறினர்.

கல்லீரல் அழற்சி 'பி' வைரசும் எச்.ஐ.வி.யும் பெருகும் முறையில் ஓர் ஒற்றுமை உண்டு, இரண்டும் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைப் படியெடுக்கின்றன. ஆதலின் ஆய்வாளர் நோக்கம் எச்.ஐ.வி.யின்பாற் சென்றது இயல்பே. இந்தியாவில் அத்தொற்று முதன்முதல் 1986-இல் சென்னையிலேயே கண்டறியப்பட்டது என்பதும் நினையத்தக்கது. செருமனியின் ரேகன்சுபர்க்கில் 2003, 2004 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், அமாரசின் சாறு ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுப்பதையும், மருந்துக்கு அடங்காத சில வகைகளையும் தடுப்பதையும் காட்டின. இது நோயாளியைக் குணப்படுத்தியதாகாது.

சித்தர் நூல்களின் மேகநோயே எச்.ஐ.வி. நோய் என்பாரும் உளர். அதனை நாம் உடன்படோம். மருத்துவ உலகு அந்நோயை 1981-இலேயே முதன்முதல் விவரித்தது. பழமரபு கீழாநெல்லியை மஞ்சட்காமாலைக்கு விதித்தது. காமாலை கண்ணுக்குத் தெரியும் குறி. அதற்குக் காரணங்கள் பல.

மேலாநெல்லி என்னும் உறவுச்செடி, 'மதராசுபடென்சிசு' என நம் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கும் வேறோர் இனம். ஏடுகளில் 'நெல்லி' எனப் பொதுவாக வருமிடங்களில் எது கருதப்பட்டது என்று துணிதல் சொல்லாய்வாளர் பணியாகும். அமிர்தியில் திரட்டுவோரும் வழங்குபெயரை ஒலித்தவாறே எழுதி, உலர்த்திய செடியை அதனுடன் எண்ணிட்டு வைத்தல் வேண்டும்.