ஆட்டுவித்தவர் பெயர் என்ன?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும், எங்கள் கடைசி வருஷத்து ஆண்டு விழாதான் நினைவுக்கு வந்தது. ஒரு மாத காலம், சாயங்காலம்தோறும் ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் வகுப்பு மாணவிகளுக்கு ஒருவர் நாட்டிய நாடகம் சொல்லிக் கொடுத்தார். ‘டான்ஸ் வாத்தியார்’ என்போம். விழா அழைப்பிதழில் தலைமை உரை முதல் நன்றியுரை வரை அத்தனை பேர் பெயரும் இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை. போய்ச் சொன்னதற்கு, “ஆட்டம் நல்லா வந்துச்சுல்ல தம்பி, அது போதும்” என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். அந்த மனிதர் செய்த தொழிலின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் நாட்டிய ஆசிரியருக்கு நட்டுவனார் என்று பெயர். அந்தக் காலத்தில் காலேஜில் சேர்ந்து அந்தப் பட்டம் வாங்கிவிட முடியாது. சிறு வயதிலேயே அப்பாவிடமோ தாய்மாமனிடமோ உட்கார வேண்டியிருந்தது. பாட்டு, தாளம், சொல்லுக்கட்டு, தட்டுக்கழி பிடிப்பது, ஜதி கோப்பது எல்லாம் கைவர வேண்டியிருந்தது. மேடையில் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று தாளம் போட்டுக்கொண்டே ஜதி சொல்ல வேண்டியிருந்தது. வருமானம், ஆடியவருக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு. தஞ்சை சரபோஜி மன்னர் காலத்தில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் இப்படி வளர்ந்தவர்களே. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி முறையை வகுத்துத் தந்தவர்கள் அவர்கள்.

இதே வேலைக்கு ரஷ்யாவில் வேறு பாதை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738லேயே அரசு பாலே பள்ளி தொடங்கிவிட்டது. அங்கே படித்து, ஆடி, மேடையை விட்ட பிறகு ஆசிரியையாக வந்தவர் அக்ரிப்பினா வாகனோவா. தான் கற்பித்த முறையை 1934இல் பாடநூலாக்கினார். 1951இல் காலமானார். 1957இல் அந்தப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஆசிரியையின் பெயரே பள்ளியின் பெயர்!

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் உலகப் புகழ் பெற்ற அன்னா பாவ்லோவா. அவரால் ஈர்க்கப்பட்ட ருக்மிணி தேவி, பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா சொன்ன யோசனை அவரை மைலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கொண்டு சேர்த்தது. பிள்ளை அந்தத் தஞ்சைச் சகோதரர்களின் வழி வந்தவர். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில் பிள்ளையின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை ஆசிரியராக இருந்து, 1943இல் விலகினார். அதன்பின் அங்கே படித்து வந்தவர்களே ஆசிரியர்களாகவும் தாளம் பிடிப்பவர்களாகவும் உருவானார்கள். மறு வருஷமே நம் நெல்லைச் சீமைத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அங்கே நாட்டிய நாடகமானது. குடும்பத்துக்குள் இருந்த தொழில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்றாயிற்று. இது பெரிய லாபம். ஆனால் தலைமுறையாக அதையே செய்து வந்த வீடுகள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போயின. இது நஷ்டம்.

1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பழைய பிழைப்பு போன நட்டுவனார்கள் பலர் சென்னைக்கு வந்து நாட்டியப் பள்ளி வைத்தார்கள். சினிமாவிலும் நடனம் அமைத்தார்கள். அதே வருஷம் ‘நாம் இருவர்’ படம் வந்தது. பாட்டு நம் எட்டயபுரத்துப் பாரதி, குரல் டி.கே. பட்டம்மாள், ஆட்டம் குமாரி கமலா. இந்த மூன்று பெயரையும் நம்மூர் பெரியவர்கள் டக்கென்று சொல்வார்கள். கமலாவின் குரு யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர் தாய்மாமன் மாணிக்கம் பிள்ளையிடம் தொழில் கற்ற வழுவூர் ராமையா பிள்ளை.

இன்றைக்கு வழி திறந்திருக்கிறது. கலாக்ஷேத்ராவில் நான்கு வருஷ டிப்ளமா உண்டு. நம் தூத்துக்குடியிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் பரதம் படித்துச் சான்றிதழ் வாங்கலாம்.

சான்றிதழே இல்லாத வாத்தியார்களும் நம் கரிசலில் உண்டு. கம்பளத்து நாயக்கர் தேவராட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு கிடையாது, தேவதுந்துமி அடிக்க, முன்னால் ஆடுகிறவர் அடி வைக்க, மற்றவர்கள் அதைப் பார்த்துத் திருப்பி ஆடுவார்கள். முன்னால் ஆடுகிறவரே வாத்தியார், ஊர்ப் பொட்டலே பள்ளிக்கூடம். சம்பளம் என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததில்லை. அந்தக் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது என்றால், இப்படி முன்னால் நின்று ஆடியவர்கள்தான் காரணம்.

தம்பி தங்கைகளே, அடுத்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் அழைப்பிதழ் அடிக்கும்போது ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: ‘நடன அமைப்பு’ என்று போட்டு, பக்கத்தில் அந்த மனிதரின் பெயர். அச்சகத்தில் ஒரு வரிக்குப் பெரிய செலவாகிவிடாது. எங்கள் வாத்தியாருக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.