அடுப்பில் தூங்கும் பூனை

வறுமையைச் சொல்ல, 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்பார்கள் நம்மவர்கள். மார்கழி விடியற்காலையில் எங்கள் கொல்லை வெந்நீர் அடுப்பின் சாம்பலில் ஒரு தெருப் பூனை சுருண்டு கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், அப்படித் தூங்குவதற்குக்கூடப் பூனை மிஞ்சாத ஓர் ஊரின் ஞாபகம் எனக்கு வரும்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் அது. 1745-இல் எலிசபெத் மகாராணி, எலி பிடிப்பதில் சமர்த்தான பெரிய பூனைகளைக் கஸான் நகரிலிருந்து அரண்மனைக்கு அனுப்பும்படி உத்தரவிட்டாள். அன்று தொடங்கியது அரண்மனைப் பூனைகளின் வம்சம்.

லெனின்கிராட் என்று பெயர் மாறியிருந்த அந்நகரை 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை முற்றுகையிட்டது. அவ்வருஷ நவம்பர், டிசம்பரில், தொழிலாளர் அல்லாதவருக்கு நாள் ஒன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான். பசி தாங்காமல் ஜனங்கள் பூனைகளையும் தின்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பூனை போனதும் எலிகள் பெருகின.

1944 ஜனவரியில் முற்றுகை முழுவதும் விலகியது. யுத்தத்துக்குப் பின் பூனைகள் திரும்பி வந்தன. இன்று ஹெர்மிடாஜ் மியூசியமாக விளங்கும் குளிர்கால அரண்மனையின் நிலவறையில், வெப்பக் குழாய்களின் சூட்டில், பல டஜன் பூனைகள் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. உணவுண்டு, வைத்தியமுண்டு. சித்திரக் கூடத்துக்குள் மட்டும் அனுமதியில்லை.

காற்றுப் புகாத ஒரு மூலை, சிறிது சூடு, ஒரு வாய் உணவு. குளிரில் பூனை கேட்பது அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியாமல் போன காலத்தை அந்த ஊர் மறக்கவில்லை.

நானும் இப்போதெல்லாம் அடுப்புச் சாம்பலை விடிந்ததும் அள்ளச் சொல்வதில்லை.