மருந்துப் பரிசோதனையின் ஏடும் அதன் சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மருந்து நோயைத் தீர்க்கின்றதா என்பதை இன்று வைத்தியரின் அனுபவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான நோயாளரிடமிருந்து திரட்டப்படும் தரவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன. அத்தரவுகளைத் திரட்டும் கணனி மென்பொருள்கள் பெருஞ் சந்தைப் பண்டமாக மாறியமை அண்மைக்கால வரலாறாகும். இப்பண்டத்தை இயலச் செய்தது கணனியின் வளர்ச்சி. ஆயின், அதற்குப் பெறுமதியை வழங்கியது "இதனை எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்?" எனச் சட்டம் எழுப்பிய வினாவேயாகும்.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1948இல் வெளியிட்ட ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனை முடிவுகள் இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளத்தக்கவை. புள்ளிவிபரவியலாளர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் வகுத்த திட்டத்தின்படி, 107 காசநோயாளர் எழுமாற்று முறையில் இரு குழுக்களாக்கப்பட்டனர். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். 107 பேரின் விபரங்களைக் கடதாசியிற் பேணுதல் இயலக்கூடியதே. ஆனால், தலிடோமைட் அனர்த்தத்தின் பின்னர், 1962இல் ஐக்கிய அமெரிக்கா தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. மருந்து பாதுகாப்பானது என்பதுடன் பயனுடையது என்பதையும் தக்க பரிசோதனைகளால் நிறுவுதல் வேண்டும் என்பது அதன் விதி. இதனாற் பரிசோதனைகள் பெருகின. அவற்றுடன் கடதாசியும் பெருகிற்று.

அக்காலத்து நடைமுறை பின்வருமாறு அமைந்திருந்தது. வைத்தியசாலையில் ஒவ்வொரு நோயாளருக்கும் படிவங்கள் பல பிரதிகளாக நிரப்பப்பட்டன. மருந்துக் கம்பனியின் கண்காணிப்பாளர் நேரிற் சென்று, அவற்றை நோயாளரின் மூல ஏட்டுடன் ஒப்பிட்டார். பின்னர், கம்பனியின் அலுவலகத்தில் இருவர் தனித்தனியே அவற்றைக் கணனியிற் பதிந்தனர். இரு பதிவுகளும் ஒப்புநோக்கப்பட்டன. ஐயம் எழுமிடத்து, வினாத்தாள் வைத்தியசாலைக்குத் திரும்பிச் சென்றது. விடை வருவதற்கு வாரங்கள் கழிந்தன. எண்பதுகளில் வைத்தியசாலைகளிலேயே சிறு கணனிகளை வைத்துத் தரவு பதியும் முயற்சிகள் நிகழ்ந்தன. எனினும், ஒவ்வொரு கம்பனியும் தன் கருவியையே வழங்கியமையால், பல பரிசோதனைகளில் ஈடுபட்ட வைத்தியசாலையிற் பல கருவிகள் குவிந்தன.

திருப்புமுனை 1997ஆம் ஆண்டாகும். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் "பகுதி 11" எனப்படும் விதிகள் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தன. இலத்திரனியற் பதிவும் கையொப்பமும் கடதாசிக்கு நிகராக ஏற்கப்படலாயின. அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது: ஒரு பதிவு மாற்றப்படின், மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார் என்பன தாமாகவே பதியப்படுதல் வேண்டும், முன்னைய பதிவு மறைக்கப்படலாகாது. பேஸ் போவேர்ட் என்னும் அமெரிக்க நிறுவனமும் 1997இலேயே தொடங்கப்பெற்றது. 1999இல் நியூயோர்க்கில் மெடிடேற்றா தோன்றிற்று. இந்நிறுவனங்கள் சட்டத்தினாலேயே பிறந்தன என்பது மிகையாகும். இணையத்தின் பரவலும் அவற்றுக்குத் துணையாயிற்று. ஆயினும், அவை விற்றது வேகத்தை மட்டுமன்று. அரச பரிசோதகர் ஏற்கத்தக்க சாட்சியத்தையுமாகும்.

சாட்சியம் பண்டமானதும் மூலதனம் அதனை நாடிற்று. 2010இல் ஓரக்கிள் நிறுவனம் பேஸ் போவேர்ட்டைச் சுமார் 685 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2019இல் பிரான்சின் டசோ சிஸ்ரெம்ஸ், மெடிடேற்றாவைச் சுமார் 5,800 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இவற்றுக்கு மாறான போக்கொன்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்தமை நோக்கற்பாலது. அமெரிக்காவின் வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான ரெட்கப் மென்பொருள், இலாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணமின்றி வழங்கப்படலாயிற்று. ஆயினும், அதனை நடத்தும் கணனியையும் ஆளணியையும், விதிகளுக்கு அமைந்தது என நிறுவும் பொறுப்பையும் அந்நிறுவனங்களே ஏற்கவேண்டும்.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் யாது? இலாபம் தராத வினாக்களை எழுப்புவோர் யார் என்பதே அது. 2020இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய "ரிக்கவரி" பரிசோதனை பொதுநிதியைப் பெரிதும் சார்ந்திருந்தது. வேலைப்பளு மிக்க வைத்தியசாலைகளுக்கேற்ப, அதன் இணையப் படிவங்கள் சுருக்கமாக வகுக்கப்பட்டிருந்தன. மலிவான பழைய மருந்தாகிய டெக்சாமெதசோன், கொவிட் நோயாளரின் 28 நாள் இறப்பை 25.7 வீதத்திலிருந்து 22.9 வீதமாகக் குறைத்தமையை அது நிறுவியது. செயற்கைச் சுவாசம் பெற்றோரிடத்து இப்பயன் மேலும் மிகுந்திருந்தது. உரிமக்காப்பு நீங்கிய அம்மருந்தைக் குறித்து இத்தகைய வினாவை எழுப்புவதால் எக்கம்பனிக்கும் பேரிலாபம் விளைந்திராது.

யார், எப்பொழுது எழுதினார் என்பதை மென்பொருள் காட்டும். முதலில் எழுதப்பட்டது உண்மையா என்பதை அது சொல்லாது. அது நோயாளரின் அருகில் நிற்கும் வைத்தியரினதும் தாதியினதும் நேர்மையிலேயே தங்கியுள்ளது. எந்த வினா கேட்கப்பட வேண்டும் என்பதையும் அது சொல்லாது. அதனைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிடலாகாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.