உயரம் தாண்டுதலும் விழும் இடமும்

உயரம் தாண்டுதலில் ஒற்றைக் காலை ஊன்றி எழ வேண்டும் என்பது அடிப்படை விதி. கம்பத்தை எந்த நிலையில் கடப்பது என்பது பெரும்பாலும் தாண்டுபவரின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு நெடுங்காலம் எல்லை வகுத்தவை கம்பத்துக்கு அப்பால் கிடந்த மணலும் மரத்தூளும்தான். அவற்றின்மேல் கழுத்துப்பட விழுந்தவர் முழுசாக எழுந்து வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் கத்தரி முறையே வழக்கிலிருந்தது. ஒரு காலை வீசி, அதைத் தொடர்ந்து மறுகாலையும் வீசிக் கடந்து, காலூன்றி இறங்குவார்கள்.

1912இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஹோரின், கம்பத்தின் மேல் பக்கவாட்டில் படுத்தவாறு உருண்டு 2 மீட்டரைத் தாண்டினார். அவரும் கையும் காலும் ஊன்றித்தான் தரைக்கு வந்தார். உடலுக்கு முன் தலை கம்பத்தைக் கடக்கக் கூடாது என்ற விதியும் அப்போது இருந்தது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேப் டிட்ரிக்சன், ஜீன் ஷைலிக்குச் சமமான உயரம் தாண்டியும் இந்த விதியால் வெள்ளியோடு நிற்க நேர்ந்தது. பிற்பாடு அந்த விதி கைவிடப்பட்டது.

அடுத்து வந்தது வயிறு கம்பத்தைப் பார்க்கக் கவிழ்ந்து புரளும் முறை. 1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெபானோவ் இம்முறையில் 2.16 மீட்டர் தாண்டினார். அவர் ஊன்றிய காலில் இருந்த தடித்த அடிப்பாகக் காலணி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சாதனை நிலைத்தது, காலணியின் தடிமனுக்குத்தான் வரம்பு வந்தது. 1963இல் வலேரி புருமெல் சாதனையை 2.28 மீட்டருக்கு உயர்த்தினார். இடையே, 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் தாண்டி இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வென்று தந்தார்.

1960களில் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்கு நுரை மெத்தை வரத் தொடங்கியது. ஓரிகான் மாநிலப் பள்ளி மாணவரான டிக் ஃபாஸ்பரிக்குக் கவிழ்ந்து புரள்வது கைவரவில்லை. பழைய கத்தரி முறைக்கே திரும்பிய அவர், கம்பம் உயர உயர உடலைப் பின்னுக்குச் சாய்க்கலானார். நாளடைவில் முதுகு கம்பத்தைப் பார்க்க, தலை முதலில் கடந்தது. வளைந்து ஓடிவந்து, கம்பத்தின் மேல் உடலை வில்லாக வளைப்பதில் ஓர் ஆதாயம் உண்டு: உடல் மேலே சென்றாலும் அதன் எடைமையம் கம்பத்துக்குக் கீழாகவே போக முடியும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டி அவர் தங்கம் வென்றார். மரத்தூள் குழியில் இப்படித் தோள்பட்டையும் முதுகும் பட விழ யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

பழைய முறை உடனே மறைந்துவிடவில்லை. 1973இல் ட்வைட் ஸ்டோன்ஸ் புதிய முறையில் 2.30 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த பிறகும், 1977இல் கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி அக்கர்மான் கவிழ்ந்து புரண்டே 2 மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணானார். மறு ஆண்டு விளாதிமிர் யாஷ்செங்கோ அதே முறையில் 2.34 மீட்டரைத் தொட்டார். அவருக்குப் பின் அம்முறையில் உலக சாதனை எதுவும் வரவில்லை. 1993இல் கியூபாவின் ஹாவியர் சோட்டோமயோர் நிறுவிய 2.45 மீட்டர் சாதனை, முதுகுவழித் தாண்டலில் வந்தது.