நிலவியலாளருக்கு ஒரு பதிவேடு

சென்னைப் புறநகரான பம்மலுக்குக் கிழக்கே, பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய அந்த மனிதர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலர். அதே துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இங்குள்ள கருங்கல்லை ஆராய்ந்து, 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டு, 1900-இல் விரிவாக எழுதினார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பாறை நம் காலடியில் கிடக்கிறது. அதைப் படித்துச் சொல்லும் தொழிலுக்கோ இந்நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

பட்டயக் கணக்கருக்கு 1949-லும், வழக்கறிஞருக்கு 1961-லும், கட்டடக் கலைஞருக்கு 1972-லும் சட்டம் வந்தது. பதிவேடு உண்டு, தவறு செய்தவரை அதிலிருந்து நீக்க மன்றமும் உண்டு. நிலவியலாளரைச் சட்டம் அறவே மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெருங்கனிமச் சுரங்கத் திட்டம் தயாரிக்க, சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியல் முதுகலையோ பெற்று, ஐந்தாண்டு மேற்பார்வை அனுபவமும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு விதி. ஆனால் இது ஒரு வேலைக்கான தகுதி மட்டுமே. சுரங்க வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால் அந்தத் தகுதியைக் கேட்பார் இல்லை.

ஊருக்குள் நடப்பதைப் பாருங்கள். போர் போடுமுன் நீரோட்டம் பார்க்க ஆள் வருகிறார். தேங்காயோ வேப்பங்குச்சியோ பிடிப்பவரை விட்டுவிடுவோம்; கருவியோடு வருபவரையே எடுத்துக்கொள்வோம். நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் அடித்து, வெளிக் கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார். வெளிக் கம்பிகளை எவ்வளவு விலக்கி அடிக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் ஆழத்தின் செய்தி கிடைக்கும். பம்மலின் நெருக்கமான தெருக்களில் கம்பியை விரிக்க இடம் ஏது? போதாதென்று மின்கேபிளும் குழாயும் அளவைக் கெடுக்கும். சார்னோக்கைட்டிலோ மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பைச் சில அடி தவறவிட்டால் வெறும் நீலச்சாம்பல் தூள்தான் மேலே வரும். "இந்த மனையில் இவ்வளவு ஆழத்துக்குமேல் என்னால் சொல்ல முடியாது" என்று எழுதிக் கையெழுத்திடுவதே நேர்மையான தொழில். அப்படி எழுத இன்று எவருக்கும் கட்டாயம் இல்லை. கடன் வாங்கிப் போர் போட்ட குடும்பம்தான் நட்டத்தைச் சுமக்கிறது. இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

நிலத்தின் தன்மை கட்டடத்துக்கும் முக்கியம். பம்மலுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரோடு மண்சார் பொறியாளரையும் பட்டியலில் சேர்த்தன. நல்ல முன்னேற்றம். நிலவியலாளர் மட்டும் அதிலும் இல்லை.

கலிபோர்னியா 1968-லேயே நிலவியலாளர் பதிவுச் சட்டம் இயற்றியது. கனடாவின் ஒன்டாரியோவுக்கு ஒரு பெரும் மோசடி தேவைப்பட்டது. பிரே-எக்ஸ் நிறுவனம் போர்னியோவில் தங்கம் இருப்பதாகக் காட்டிய மாதிரிகள் பொய் என்று 1997-இல் அம்பலமாகி, முதலீட்டாளர் பணம் கோடிகோடியாகக் கரைந்தது. 2000-இல் அந்த மாகாணம் தொழில்முறைப் புவியறிவியலாளர் சட்டம் கொண்டுவந்தது. அங்கே அறிக்கைக்கு அடியில் ஒரு பெயரும் முத்திரையும் இருக்கும்; புகார் வந்தால் அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும்.

இங்கும் அப்படி உரிமம் வந்தால் அனுபவத்தால் தேர்ந்தவர்கள் ஒதுக்கப்படுவார்களே என்ற அச்சம் நியாயமானது. இடைக்காலத்தில் அவர்களுக்குத் தேர்வு வைத்துப் பதியலாம். நாடாளுமன்றச் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சிறுகனிம விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாநிலத்திடமே தந்திருக்கிறது. கட்டட விதிகளும் மாநிலத்தின் கையில்தான். கைவிட்ட கல்குவாரியின் விளிம்பிலோ, குவாரிப் பள்ளத்தை நிரப்பிய இடத்திலோ மனைப்பிரிவு கேட்டால் பதிவுபெற்ற நிலவியலாளரின் அறிக்கை கட்டாயம் என்று ஒரு விதியைச் சேர்க்க அரசாணை ஒன்றே போதும்.