ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி

இணையத்தில் ஏதாவதொரு கருத்துக்களத்தில் நாலு வாரம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். புதிதாக ஒருவர் வருகிறார். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்கிறார். அரை மணி நேரத்தில் இரண்டு பதில்கள் வந்து விழுகின்றன. 'தேடிப் பார்த்தீர்களா?' என்பது ஒன்று. 'இதைப் போன வாரம்தான் பேசி முடித்தோம்' என்பது இன்னொன்று. பிறகு மட்டுறுத்துநர் வந்து இழையைப் பூட்டிவிட்டுப் போகிறார். கேட்டவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கேட்டவருக்கு நாகரிகம் தெரியவில்லை என்பது ஒரு கட்சி. பதில் சொன்னவர்களுக்குத் தலைக்கனம் என்பது எதிர்க்கட்சி. ஆனால் இந்த நாகரிக விதிகள் எப்போது, எதற்காக உண்டாயின என்று பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒவ்வொரு விதியும் அந்தந்தக் காலத்துக் கணினி நுட்பத்தின் ஒரு குறையை ஈடுகட்டப் பிறந்தது. குறை நீங்கிய பிறகும் விதி மட்டும் தங்கிவிடுகிறது.

1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட்டுக்கான யோசனையைப் போட்டார்கள். பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்துகொள்ள, 1980-ல் அது நடைமுறைக்கு வந்தது. கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஓரிடத்தில் இடும் செய்தி எல்லாக் கணினிகளுக்கும் நகலாகிப் போகும். தொலைபேசிக் கட்டணம் உண்டு, வட்டில் இடமும் குறைவு. லாரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர்) 1984-ல் எழுதிய ஆர்.என். என்ற செய்தி படிக்கும் நிரலோடு வந்த அஞ்சலிடும் கருவி, நீங்கள் ஒன்றை அனுப்புமுன் எச்சரிக்கும்: இது ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப் போகிறது, இதற்கு நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், கட்டாயம் அனுப்பத்தான் வேண்டுமா? ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காதே என்ற விதிக்கு அன்றைக்கு இப்படி ஒரு காசுக்கணக்கும் இருந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. இடப் பற்றாக்குறையால் பழைய செய்திகளைச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ கணினிகள் தாமே அழித்துவிடும். போன மாதம் ஒருவர் மாங்கு மாங்கென்று எழுதிய விடை இந்த மாதம் கிடையாது. புதிதாக வந்தவர் தேடிப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கே வழியில்லை, தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே கேள்வி திரும்ப வருவது இயற்கை.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற பட்டியல். 1980-களின் முற்பகுதியில் நாசாவைச் சேர்ந்த யூஜின் மியா, விண்வெளி பற்றிய ஒரு மடற்குழுவுக்காக இதைத் தொடங்கினார். வழக்கமான கேள்விகளையும் அவற்றின் விடைகளையும் தொகுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்புவது. யோசித்துப் பாருங்கள்: புதியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதற்குப் பழையவர்கள் கண்ட தீர்வு, ஒரே விடையைத் திரும்பச் சொல்வது! அதை மாதத்துக்கொரு முறை, கோபப்படாமல், ஓர் ஆள் பொறுப்பெடுத்துச் செய்வது என்பதுதான் வித்தியாசம். 1990-களில் இந்தப் பட்டியல்களுக்கென்றே தனிச் செய்திக்குழு உண்டாகி, எம்.ஐ.டி. கணினி ஒன்றில் அவை சேமிக்கப்பட்டன. அந்தக் கணினியின் பெயர் ஆர்.டி.எஃப்.எம். 'கையேட்டைப் படி' என்பதன் சுருக்கம். நடுவிலே ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு, அதை மொழிபெயர்க்கவில்லை.

வினா-விடையாக எழுதுவது நமக்குப் புதிதில்லை. ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே வினாவை எழுதுவதும் ஆசிரியர்தான். யூஸ்நெட் பட்டியலில் வினாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டவர்களே. எது பலருக்குப் புரியவில்லையோ அது பட்டியலில் ஏறும்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், சி மொழிக்கான செய்திக்குழுவுக்கு ஸ்டீவ் சம்மிட் 1990-ல் தொடங்கிய பட்டியல். பிறகு அது விரிந்து 1995-ல் புத்தகமாகவே வந்தது. வெற்றுச் சுட்டி என்றால் என்ன, அணியும் சுட்டியும் ஒன்றா போன்ற கேள்விகளோடு, நம்மூர்ப் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சந்தித்த கேள்வி ஒன்றும் அதில் இருக்கிறது: ஒரே கோவையில் ஒரே மாறியை இரண்டு இடத்தில் ++ போட்டு ஏற்றினால் விடை என்ன? வளாக நேர்முகத் தேர்வுகளுக்கான வினாத்தாள்களில் இதற்கு நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உண்மையில் இதற்கு விடை இல்லை. அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதை 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தரம் வரையறுக்கவில்லை. நிரல்பெயர்ப்பி எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் கல்லூரியில் படிக்கும்போது இந்தக் கேள்வியை ஒரு களத்தில் கேட்டேன். பாடப்புத்தகத்தில் ஒரு விடை, என் கணினியில் வேறு விடை. இரண்டு பேர் 'தேடு' என்றார்கள், இழை பூட்டப்பட்டது. எதைத் தேடுவது? 'வரையறுக்கப்படாத செயல்பாடு' என்ற சொற்றொடர் தெரிந்திருந்தால்தானே அதைத் தேட முடியும்? விடை தெரிந்தவருக்குத்தான் தேடுசொல் தெரியும். முகம் தெரியாத ஒருவர் தனிமடலில் நான்கு வரி எழுதி அந்தச் சொற்றொடரைக் கொடுத்தார். அப்புறம் நானே பத்துப் பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பதினோராவது ஆளிடம் 'தேடு' என்றும் எழுதியிருக்கிறேன், மறைப்பானேன்.

பதினோராவது முறை எரிச்சல் வருவதும் இயல்புதான். ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்கள் சேர்வார்கள். அவர்களுக்கு யூஸ்நெட் கணக்கு கிடைத்ததும் அதே கேள்விகள் கிளம்பும். பழையவர்கள் ஓரிரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வார்கள், அதற்குள் புதியவர்கள் பழகிவிடுவார்கள். 1993-94 வாக்கில் அமெரிக்கா ஆன்லைன் போன்ற வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டபோது, புதியவர் வரத்து நிற்கவேயில்லை. 'முடிவில்லாத செப்டம்பர்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பழையவர்களின் எண்ணிக்கைக்கும் புதியவர்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம் குலைந்தால் பொறுமையும் குலைகிறது. ஆசிரியர் ஒருவர் நாற்பது மாணவர்களைச் சமாளிக்கலாம், நானூறு பேரை எப்படிச் சமாளிப்பார்?

1995 அக்டோபரில் இன்டெல்லின் சாலி ஹேம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிக வழிகாட்டி, புதியவர்கள் ஒன்றிரண்டு மாதம் படித்துவிட்டுப் பிறகு எழுதட்டும் என்கிறது. நல்ல அறிவுரை. அடுத்த வாரம் தேர்வை வைத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் பயன்படாது. அதே 1995-ல் டேஜாநியூஸ் என்ற சேவை யூஸ்நெட் செய்திகளைச் சேமித்துத் தேடும் வசதி செய்தது (2001-ல் அதைக் கூகிள் வாங்கியது). 'முதலில் தேடு' என்று எல்லோரிடமும் கேட்பது நியாயமானது இதற்குப் பிறகுதான். 2001-ல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் எழுதிய, கேள்வி கேட்கும் முறை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. தேடு, கையேட்டைப் படி, என்னென்ன முயன்றாய் என்று சொல், 'அவசரம்' என்று தலைப்பிடாதே. இந்தக் கட்டுரையின் சுட்டியை எத்தனையோ பேர் புதியவர்கள் முகத்தில் எறிந்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் பதில் சொல்பவர்களுக்கும் அறிவுரை உண்டு: மென்மையாகப் பேசு, முதல் முறை தவறியவரிடம் தனியே சொல், சபையில் வைத்து அவமானப்படுத்தாதே. எறிந்தவர்கள் அதுவரை படிக்கவில்லை போலும்.

நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறார். மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. கேட்டவனையே 'நீயே செய்' என்று ஏவுவது ஏவல் விடை. கையேட்டைப் படி என்பது இந்த வகைதான். நேரடி விடை இல்லையென்றாலும் கேட்டவனுக்குப் பொருளைத் தருவதால் இதையும் விடை என்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. எந்தக் கையேடு, எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு கோளாறையும் சொல்லவேண்டும். 'ஒரு சந்தேகம்' என்று தொடங்குவது தமிழில் பணிவு. அதையே ஆங்கிலக் களங்களில் 'டவுட்' என்று எழுதினால், சொல்லப்பட்டதை நம்ப மறுக்கிறோம் என்று அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். பணிவாகக் கேட்ட பையனுக்கு ஏன் சுள்ளென்று பதில் வந்தது என்று கடைசிவரை விளங்காது.

2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இந்தச் சிக்கலைப் பொறியியலால் தீர்க்கப் பார்த்தது. திரும்ப வரும் கேள்வியை வாக்களித்து மூடி, மூலக் கேள்விக்குச் சுட்டி கொடுப்பது. மூடிய கேள்வியை எல்லாம் அழித்துவிடவேண்டாம் என்று 2010-ல் அட்வுட் எழுதினார். ஒரே விஷயத்தை ஆளுக்கொரு சொல்லில் கேட்கிறார்கள். அந்தப் பல சொற்களும் தேடுபொறியில் அகப்பட்டு ஒரே விடைக்கு வழிகாட்டட்டும் என்பது அவர் வாதம். தேடுசொல் தெரியாத என் போன்றோரின் சிக்கலுக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவருக்கு வழிகாட்டிப் பலகை தெரியவில்லை, 'மூடப்பட்டது' என்ற சொல்தான் தெரிந்தது. புதியவர்களுக்குத் தங்கள் தளம் இதமாக இல்லை என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே எழுதி ஒப்புக்கொண்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய விடை சரியான விடையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ் மடலாடற்குழுக்களில் இடைவிடாமல் வந்த கேள்வி, 'எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, என்ன செய்ய?' என்பது. தளத்துக்கொரு எழுத்துரு இருந்த காலத்தில், குறிப்பிட்ட எழுத்துருவை இறக்கி நிறுவு என்பது விடை. திஸ்கி வந்தபின் விடை மாறியது. விண்டோஸ் 2000 முதல் ஒருங்குறித் தமிழ் கணினிக்குள்ளேயே வர, மறுபடி மாறியது. இ-கலப்பை வந்தபின் தட்டச்சு பற்றிய விடையும் மாறிற்று. கேள்வி ஒன்று, சில ஆண்டுகளுக்குள் விடைகள் பல. அங்கே 'ஏற்கெனவே பேசியாயிற்று' என்று இழையைப் பூட்டினால் புதியவர் கையில் மிஞ்சுவது காலாவதியான எழுத்துருதான். பூட்டுமுன் மட்டுறுத்துநர் பழைய விடையை ஒருமுறை படித்து, இன்றும் செல்லுமா என்று பார்ப்பது அவருடைய வேலை. அதைச் செய்பவர்கள் குறைவு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதன்பின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் புதுக் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. 2024 பிப்ரவரியோடு கூகிள் குழுக்கள் யூஸ்நெட்டின் புதுச் செய்திகளைப் பெறுவதை நிறுத்திக்கொண்டன, பழையவற்றை மட்டும் தேடிப் படிக்கலாம். ++ கேள்வியை மாணவர்கள் இப்போது இயந்திரத்திடம் கேட்கிறார்கள். நூறாவது முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை, இழையைப் பூட்டுவதில்லை. கேட்டவன் மானம் போகவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி.

ஆனால் அது தரும் விடைகளில் பெரும்பகுதி, முன்பு யாரோ ஒருவர் பொதுவெளியில் பொறுமையாக எழுதிவைத்தவற்றிலிருந்து கற்றது. இப்போது கேள்வியும் விடையும் இருவருக்கிடையில் முடிந்துவிடுகின்றன. அடுத்தவர் தேடினால் அகப்படாது, எந்தக் கேள்வியில் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்று பட்டியல் போடவும் வழியில்லை. போன மாதம் புதிதாக வந்த ஒரு நிரல் நூலகத்தில் ஒரு வழு என்னைப் படுத்தியது. இயந்திரம் தன்னம்பிக்கையோடு மூன்று தவறான விடைகள் சொன்னது. கடைசியில் விடை கிடைத்தது ஒரு சிறு களத்தில். அதே கேள்வியை அங்கே ஏற்கெனவே நான்கு பேர் கேட்டிருந்தார்கள், நாலாவது ஆளுக்குத்தான் ஒருவர் பதில் எழுதியிருந்தார்.